அய்யனார் பின்னுக்கு ஓட்டிய கார்

நெடுங்கரைப்பட்டி உடையப்பன் அம்பலத்தின் காரை அய்யனார்தான் ஓட்டுகிறார் என்று ஒரு காலத்தில் அந்த ஊரே நம்பியது. சிரிக்காதீர்கள், கண்ணுகளா. அந்தக் காரை நேரில் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். நீங்கள் நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளைத்தான் சீக்கிரம் ஏய்க்க முடிகிறது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்: இந்தக் கதையில் ஓர் ஆடு சாகிறது. அதைத் தவிர யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. மானம் போனது தனிக் கணக்கு.

ராஜா ஆட்சி போய், ஓட்டுப் பெட்டி வந்து, ஊர்த்தலைவர்களான அம்பலங்களுக்கு இருந்த மரியாதை ஓரம் ஓரமாகக் கரைந்துகொண்டிருந்த சமயம் அது. முன்னெல்லாம் உடையப்பன் அம்பலம் தெருவில் வந்தால் ஆண்களின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். இப்போது தோளிலேயே கிடந்தது. சிலர் கூடவே ஒரு கொட்டாவியும் விட்டார்கள். ஊர்த்தலைமை என்பது கொட்டாவியைத் தாங்காது. அம்பலம் யோசித்துப் பார்த்து, திருமயத்துக்குத் தெற்கே ஒரு செட்டியார் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பச்சைக் காரை வாங்கி வந்தார். கோழிகளை இறக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்கள். ஆனாலும் ஊர் வந்து சேர்ந்தபோது பின் சீட்டில் ஒரு முட்டை இருந்ததாக அவர் பெண்சாதி சொர்ணம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரோடு ஒரு டிரைவரும் வந்தான். ஜைனுதீன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், பினாங்கில் லாரி ஓட்டியவன். வண்டி ஓட்டுவதைவிட, வண்டி ஓட்டிய கதையை ஓட்டுவதில் கெட்டிக்காரன். அம்பலத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். ஒருநாள் அய்யனார் கோயில் போகும் வளைவில் அம்பலம் ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டு, திரும்ப நேராக்கத் தெரியாமல் திணறினார்.

"கையை விடுங்க," என்றான் ஜைனுதீன்.

அம்பலம் பயந்து கையை விட்டார். ஸ்டீரிங் தன்னாலே விறுவிறுவென்று சுற்றி, பழைய இடத்துக்கு வந்து நின்றது. வண்டி நேராகப் போனது.

அம்பலத்துக்கு மயிர் கூச்செறிந்தது. "டேய், யாருடா திருப்புனது?"

"அதுவா வரும்ங்க."

'அதுவா வரும்' என்கிற பதில் எஞ்சின் தெரிந்தவனுக்குப் போதும். அம்பலத்துக்குப் போதவில்லை. எது நடந்தாலும் அதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் பிறந்த வீட்டு வழக்கம். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில். விஷயம் முடிந்தது.

அன்று முதல் வளைவு திரும்பியதும் அம்பலம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார். ஸ்டீரிங் தன்னாலே சுற்றி நேருக்கு வரும். ரோட்டோரம் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த சனம் வாயைப் பிளந்து நிற்கும். துண்டுகள் மறுபடியும் இடுப்புக்கு இறங்கின. அய்யனாருக்கே இத்தனை வருஷத்தில் கிடைக்காத பக்தி அந்தப் பச்சைக் காருக்குக் கிடைத்தது.

சாமி ஓட்டும் காரில் இன்னொரு டிரைவர் எதற்கு? ஜைனுதீனை அனுப்பிவிட்டார். "ஒன்னையும் வச்சுக்கிட்டா, யாரு ஓட்டுறதுன்னு ஊருக்குக் குழப்பம் வரும்ல" என்று பிரியமாகத்தான் சொன்னார்.

அதற்கப்புறம்தான் அந்த ஆடு. மூக்கன் என்பவனுடைய வெள்ளாடு, வளைவில் குறுக்கே வந்தது. அம்பலத்தின் கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. ஆட்டுக்குக் கும்பிடத் தெரியாது. மூக்கன் அழுதுகொண்டு வந்து நின்றபோது அம்பலம், "நானாடா ஓட்டுனேன்? அய்யனார் கேட்டாரு, எடுத்துக்கிட்டாரு. ஒனக்குக் கொடுப்பினை" என்றார். கறி அம்பலம் வீட்டு அடுப்புக்குத்தான் போனது. சாமி ஆட்டைக் கேட்டுவிட்டு, சாப்பிடுவதற்கு அம்பலத்தை அனுப்பியிருக்கும் போல. அடுத்தது சந்தைக்குப் போன பானைக் கூடை. அதையும் சாமி கேட்டது. பானையை வைத்துக்கொண்டு சாமி என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதிலெல்லாம் ஒரு சங்கடம், அம்பலம் யாருக்கும் சொல்லாத சங்கடம் இருந்தது. அவருக்கு வண்டியைப் பின்னுக்கு எடுக்க வராது.

அய்யனார் கோயில் தெரு ஒரு முட்டுச் சந்து. மெயின் ரோட்டுப் புளியமரத்தில் ஆரம்பித்து, கோயில் வாசலில் முடியும். ஒரு பக்கம் மடை வாய்க்கால். மறுபக்கம் கோயிலை ஒட்டித் தொடங்கித் தெருவோடு நீளும் ஒரு கொல்லை. முதலில் கிணறு, அப்புறம் மாட்டுக் கொட்டம், அப்புறம் எருக்குழி, கடைசியில் வீடு. நேராகப் போன கார் திரும்ப இடம் கிடையாது. ஜைனுதீன் இருந்தவரை தலையை வெளியே நீட்டிக்கொண்டு புளியமரம் வரை பின்னுக்கே எடுத்து வந்துவிடுவான். அவன் போனபின், "பின்னுக்குப் போறது அமங்கலம்" என்று அம்பலம் ஒரு சட்டம் போட்டார். இளவட்டங்கள் சேர்ந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கி, தேரைத் திருப்புவது போலத் திருப்பி வைத்தார்கள். கடலை எடுப்பு வந்ததும் இளவட்டங்களின் இடுப்பு காட்டு வேலைக்கே போதவில்லை. அப்போதுதான் அம்பலத்தின் கண் அந்தக் கொல்லைமேல் விழுந்தது.

கொல்லை சின்னப்பிள்ளையுடையது. பட்டாவில் அவள் புருஷன் குழந்தைசாமி பேர் இருந்தது, ஆனால் மாடுகளுக்குக் கூடத் தெரியும் அது யாருடையது என்று. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவள் பசுக்கள் குடித்தன, அந்தக் கொட்டத்தில்தான் கறந்தன, அந்தப் பாலில்தான் வீடு நடந்தது. கொல்லை போனால் மாடு போகும். மாடு போனால் அவள் அம்பலம் காட்டில் கூலிக்குக் கடலை பிடுங்க வேண்டியதுதான்.

அம்பலம் ஒருநாள் வேலியோரம் நின்று, "குழந்தைசாமி, சாமி காரு திரும்ப இந்த எடத்தை விட்டுரு" என்றார். குழந்தைசாமி "சரிங்க" என்றான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் சரளமாக வரும்.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய சின்னப்பிள்ளையிடம் அதைச் சொன்னபோது அவன் தூண் மறைவில் நின்றுகொண்டான்.

"சரின்னுட்டீகளா?"

"சாமிக்குன்னாரு."

"சாமிக்குத் திரும்ப எடம் எதுக்கு? நேத்துக் காலையிலகூட அந்தச் சாமி அம்பலம் வீட்டுக் கொட்டகைத் தூணைப் பேத்துருச்சு."

அவள்தான் தினம் விடியும்போது அம்பலம் வீட்டுக்குப் பால் கொண்டுபோகிறவள். காரைக் கொட்டகையிலிருந்து பின்னுக்குத்தானே எடுத்தாக வேண்டும்? அந்த நேரத்தில் அம்பலம் கும்பிடுவதில்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் காளை மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வியர்த்து, இங்கிட்டும் அங்கிட்டும் இழுபட்டு, கடைசியில் ஏதாவது ஒன்றில் இடித்துத்தான் வெளியே வருவார். சின்னப்பிள்ளை செம்பைக் கையில் பிடித்தபடி பல நாள் பார்த்திருக்கிறாள். முன்னுக்குப் போகையில் பசுவாக இருக்கிற வண்டி, பின்னுக்குப் போகையில் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று அவளுக்கு ஒரே யோசனை.

மறு சந்தைக்குத் தயிர்ப் பானையோடு திருமயம் போனபோது ஜைனுதீனைப் பிடித்தாள். கோட்டைக்குக் கீழே பஸ் நிற்கும் இடத்தில், யாரோ ஒருவருடைய பஸ்ஸில் சாய்ந்துகொண்டு பினாங்கு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஜைனுதீனு, ஒரு விசயம் கேக்கணும். அந்தக் காரு கையை விட்டா தானா நேருக்கு வருதே, பின்னுக்குப் போறப்பவும் வருமா?"

ஜைனுதீன் சிரித்தான். "அக்கா, கன்னுக்குட்டியைக் கயித்துல கட்டி, நீங்க முன்னால நடந்தா அது என்ன செய்யும்?"

"பின்னாலயே வரும்."

"அங்கிட்டு இங்கிட்டு ஓடுனாலும் கடைசியில கயித்துக்கு நேரா வந்துரும்ல? முன்சக்கரமும் அப்படித்தான். முன்னுக்குப் போறப்ப வண்டி அதை இழுத்துக்கிட்டுப் போகுது. எப்படி வளைச்சு விட்டாலும் பின்னால தொத்திக்கிட்டு நேருக்கு வந்துரும். பின்னுக்குப் போறப்ப அதே கன்னுக்குட்டியை நீங்க கயித்தால தள்ளுறீங்க. கயித்தால தள்ள முடியுமா?"

"அது அப்படியே சுத்திக்கிட்டுத் திரும்பிரும்."

"அம்புட்டுத்தான். ஒரு இம்மி சாஞ்சாப் போதும், சக்கரம் ஒரேயடியாச் சாஞ்சுரும். கோணுறதுக்கு முன்னாடியே கை திருத்திக்கிட்டே இருக்கணும். பினாங்குல நான் மலைப்பாதையிலயே..."

"அம்பலம் கும்பிட்டுக்கிட்டே பின்னுக்குப் போனா?"

"மெதுவாப் போனா கொஞ்ச தூரம் தாங்கும். ஆனா மெதுவாப் போற ஆளா அவரு?"

"இதை ஊர்க்கூட்டத்துல வந்து சொல்றியா?"

ஜைனுதீனுக்கு உடனே பஸ் டயரில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. "அக்கா, அவரு என்னைக்காச்சும் திரும்பக் கூப்புடுவாருன்னு இருக்கேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க." உண்மையும் தெரியும், வேலையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவன். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

புரவி எடுப்புக்கு முந்தின வாரம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். மண்குதிரைகளைத் தூக்கி வந்து அய்யனாருக்கு வைக்கிற அந்தத் திருவிழாவுக்கு முன்னால் ஊர் எதை முடிவு செய்தாலும் அதுதான் சட்டம்.

"அய்யனார் காரு திரும்ப எடமில்லாம நிக்கிது," என்று அம்பலம் ஆரம்பித்தார். "பார்க்க எனக்கே கண்ணுல தண்ணி வருது. சின்னப்பிள்ளை கொல்லையைச் சாமிக்கு விட்டுறலாம். குழந்தைசாமி சரின்னுட்டான். என்ன குழந்தைசாமி?"

"சரிங்க," என்றான் குழந்தைசாமி, பெண்சாதி பக்கத்தில் இருப்பதை மறந்து.

சின்னப்பிள்ளை எழுந்தாள். "அவுக எதுக்குத்தான் சரின்னு சொல்லல? பொறந்தப்ப மருத்துவச்சி 'பொம்பளப்புள்ளையா'ன்னு கேட்டிருந்தா அதுக்கும் சரின்னுருப்பாக. சாமிக்குன்னா கொல்லை என்ன, வீட்டையே குடுக்குறேன். ஒரே ஒரு சந்தேகம். பூசாரி அண்ணே, சாமி கும்பிட்டுட்டு நாமெல்லாம் எப்படி வெளிய வாரோம்?"

பூசாரி வீரய்யா யோசிக்காமல் சொன்னார். "பின்னுக்கே நடந்து வாரோம். சாமிக்கு முதுகு காட்டப்படாதுல்ல."

"அம்பலகாரவுகளுமா?"

"அவுகளுந்தான்."

"அப்ப காரு மட்டும் என்ன, கொம்பு மொளைச்சதா? திரும்பி நின்னுக்கிட்டு, பின்னால இருக்குற கொழாயால சாமி மூஞ்சியில பொகையை ஊதிட்டுப் போகுதே. அண்ணே, நீங்க இருமுறது எங்கொல்லை வரைக்கும் கேக்குது. சாமி இருமுறது உங்களுக்குக் கேக்கலையா?"

வீரய்யாவுக்கு அந்தக் கணமே இருமல் வந்தது. கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வருஷமாகச் சாமி முகத்தில் புகை விட்டிருக்கிறோம் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவே இல்லை.

"பின்னுக்குப் போறது அமங்கலம்," என்றார் அம்பலம்.

"அப்ப நாம இத்தன காலம் கோயிலை விட்டு அமங்கலமாவா வந்தோம்?"

"ஏ, வாயை அடக்கிப் பேசு."

"நான் என்ன சொல்லிட்டேன்? சாமிதானே ஓட்டுறாரு. முன்னுக்கு ஓட்டுற சாமிக்குப் பின்னுக்கு ஓட்டத் தெரியாதா? நீங்க எப்பவும்போலக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருங்க. சாமி கொண்டுபோய்ப் புளியமரத்தடியில விடட்டும். திரும்பவும் வேண்டாம், பொகையும் வேண்டாம், கொல்லையும் வேண்டாம்."

"அதானே" என்றது கூட்டம். அது முதலில் சொன்னவர் பக்கம் ஒரு 'அதானே' சொல்லும், அப்புறம் பேசியவர் பக்கம் இன்னொன்று சொல்லும். அன்று இரண்டாவது கொஞ்சம் சத்தமாக வந்தது.

அம்பலம் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அந்த மீசைக்குள் ஓர் எண்ணம் ஓடியது, அதை உங்களுக்குச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. கொட்டகையில் வண்டி பின்னுக்குப் போகும்போது முரண்டு பிடிப்பது ஏன்? தான் ஸ்டீரிங்கைப் பிடிப்பதால்தான்! சாமி ஒரு பக்கம் திருப்ப, தான் ஒரு பக்கம் திருப்ப, அதனால்தான் தூணில் இடிக்கிறது. கையை எடுத்துவிட்டால் சாமி சுத்தமாகக் கொண்டுபோய்விடும். மற்றவர்களை ஏய்த்தவர்கள் உண்டு. சொன்ன பொய்யைத் தானே உட்கார்ந்து நம்பி, அதன்மேல் ஏறி சவாரி போக முடிவுசெய்தவர் உடையப்பன் அம்பலம் ஒருவர்தான்.

"சரி," என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "புரவி எடுப்பு அன்னைக்குப் புளியமரம் வரைக்கும் பின்னுக்குப் போறேன். கையால தொட மாட்டேன். போய்ச் சேந்துட்டா இது அய்யனார் வாகனம்னு ஊரு ஒத்துக்கிறணும். வாகனம்னா கோயிலை ஒட்டிக் கொட்டகை வேணும். அது சின்னப்பிள்ளை கொல்லையில. கெணறு, மாட்டுக் கொட்டம் எல்லாத்தோடயும்."

சின்னப்பிள்ளைக்கு மெதுவாகப் போனால் கொஞ்ச தூரம் தாங்கும் என்று ஜைனுதீன் சொன்னது காதில் கேட்டது. இருந்தும், "போகலைன்னா?" என்றாள்.

"போகலைன்னா அந்தக் கொல்லைப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"சரிங்க," என்றான் குழந்தைசாமி.

திருவிழா அன்று ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் தெருவில் நின்றன. கடலை வறுத்து விற்க வந்தவர்கள் எல்லாம் விற்பதை விட்டுவிட்டு வேலிமேல் ஏறியிருந்தார்கள். மண்குதிரைகள் வந்து வரிசையாக நின்றன. காருக்கும் குதிரைகளுக்கும் ஒரே மாதிரி மாலை. அம்பலம் கோயில் வாசலில் தேங்காய்களைச் சிதற உடைத்தார். ஓடுகள் தெரு நெடுகத் தெறித்தன. பிறகு காரில் ஏறினார். சொர்ணத்தைக் கூப்பிட்டார்.

"நான் வரல," என்றாள் சொர்ணம். "பின்னுக்குப் போனா பின் சீட்டுக்காரிதான் முன்னால போகணும். சாமியும் நீங்களுமாப் போயிட்டு வாங்க."

கார் உறுமியது. கியர் கரகரத்தது. ஸ்டீரிங் நேராக நிற்பதைப் பார்த்துக்கொண்டு அம்பலம் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். வண்டி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.

நேராகத்தான் போனது.

கிணறு தாண்டியது. யாரோ குலவை போட்டார்கள். வேலிக்கு உள்ளே நின்ற சின்னப்பிள்ளை, காரோடு கூடவே நடந்தாள். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. மாட்டுக் கொட்டம் தாண்டியது. பசுக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இனி எருக்குழி, வீடு, அப்புறம் புளியமரம். அவளுக்கு, ஒவ்வொன்றாகக் கார் தாண்டும்போது, அது ஒவ்வொன்றும் தன் கையைவிட்டுப் போவது போலிருந்தது. பக்கத்தில் நின்ற குழந்தைசாமி முதல் தடவையாகச் "சரியில்லையே" என்று முனகினான்.

அம்பலம் அந்த மெதுவிலேயே போயிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்ல வேண்டி வந்திருக்கும். ஆனால் துண்டுகள் எல்லாம் இடுப்பில் இருந்தன. கொட்டுக்காரர்கள் உச்சத்தில் அடித்தார்கள். மெதுவாகப் போவது தன் பெருமைக்குக் குறைவு என்று அவர் காலுக்குத் தோன்றிவிட்டது. அமுக்கினார்.

முன்சக்கரம் ஒரு தேங்காய் ஓட்டின்மேல் ஏறியது. அவரே உடைத்த தேங்காய். சக்கரம் ஒரு விரற்கடை சாய்ந்தது. அவ்வளவுதான். ஸ்டீரிங் வெறி பிடித்ததுபோல் ஒரு பக்கமாகச் சுழன்று முட்டி நின்றது. காரின் மூக்கு ஆளைத் தள்ளிவிடுவதுபோல வாய்க்கால் பக்கம் வீசி வந்தது. பின்பக்கம் வேலியைப் பிய்த்துக்கொண்டு கொல்லைக்குள் நுழைந்தது. சனம் சிதறியது. பிடியுங்க பிடியுங்க என்று நூறு குரல். அம்பலத்தின் கைகள் அப்போதும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. பக்தியில் அல்ல, இறக்க மறந்துபோய்.

எருக்குழி நல்ல ஆழம். மழை பெய்து பதமாக ஊறியிருந்தது. கார் தொபுக்கென்று பின்பக்கமாக உட்கார்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு விளக்குகளாலும் வானத்தைப் பார்த்தது. புகைக்குழாய் சாணிக்குள் இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு அடங்கியது.

யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் முதல் சிரிப்பு வேலிமேலிருந்து கிளம்பியது. அது பரவுவதற்குள் அம்பலம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மல்லாந்து கிடந்த அந்த நிலையிலும் குரல் கணீரென்று வந்தது. ஆளைச் சும்மா சொல்லக் கூடாது.

"பாத்தீங்களாடா! எடம் கேட்டோம், சாமியே எடத்தைக் காட்டிட்டாரு! நேரா வந்த வண்டியை இந்தக் கொல்லைக்குள்ள திருப்புனது யாரு? நான் கையால தொட்டேனா? சொல்லுங்க, தொட்டேனா?"

சிரிப்பு நின்றது. தொடவில்லைதான். எல்லோரும் பார்த்தார்கள். வீரய்யா யோசனையாகத் தலையை ஆட்டத் தொடங்கினார். "அதானே" என்று எங்கேயோ ஒரு குரல். இன்னொரு குரல். போனது என்று நினைத்த கொல்லை, காப்பாற்றியாயிற்று என்று மூச்சுவிட்ட கொல்லை, மறுபடியும் கையைவிட்டு நழுவுவதைச் சின்னப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவள் எருக்குழி விளிம்புக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காரை விழுந்து கும்பிட்டாள்.

"சாமி காட்டிருச்சு. நான் இல்லைங்கல," என்றாள் எழுந்து. "கெணத்தைக் காட்டல, தாண்டிருச்சு. கொட்டத்தைக் காட்டல, தாண்டிருச்சு. எங்கொல்லையில சாமிக்குப் புடிச்சது எருக்குழிதான். நான் மனசாரக் குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு, சாமி உக்கார வச்ச வாகனத்துல மனுசக் கை படப்படாது. பூசாரி அண்ணே, சரியா?"

"படப்படாது," என்றார் வீரய்யா. இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அது இப்படியே இருக்கட்டும். இதுக்கு மேலயே கூரை போட்டுக் கும்பிடுவோம். தினம் நான் மாட்டுச்சாணி கொண்டாந்து சாத்துறேன்."

"அதானே!" என்றது கூட்டம், ஒரே குரலில். கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் மழை மாதிரி கேட்டது. யாரோ ஒரு கிழவர் சூடம் ஏற்றத் தீப்பெட்டி தேடினார்.

காருக்குள் அம்பலம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். சாணி சீட்டு வரை வந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது வெளியே நின்றவர்களுக்கே தெரிந்தது. சாமிதான் ஓட்டியது என்றால் கார் போச்சு. சாமி ஓட்டவில்லை என்றால்...

"ஏய்... தூக்குங்கடா வண்டியை," என்றார்.

"சாமி வச்சதுங்க," என்றான் மூக்கன், முன்னால் வந்து. ஆட்டுக்கார மூக்கன். அவன் குரலில் அவ்வளவு பணிவு அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. "நாங்க தொடலாமா?"

"நான் சொல்றேன், தூக்குடா!"

"நீங்க சொல்லலாம்ங்க. ஓட்டுனவரு சொல்லணும்ல?"

சாணி இன்னும் ஒரு விரல் ஏறியது. அம்பலம் கண்ணை மூடினார்.

"நான்தான்டா ஓட்டுனேன்."

"சத்தமாங்க."

"நான்தான்டா ஓட்டுனேன்! சாமியுமில்ல பூதமுமில்ல, எல்லா நாளும் நான்தான் ஓட்டுனேன்! போதுமா? தூக்குங்க!"

மூக்கன் மெதுவாகக் கேட்டான். "அப்ப எங்க ஆடு?"

"எங்க பானை?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "எங்க முட்டைக் கூடை?" என்றது இன்னொன்று. சாமி எடுத்துக்கொண்டதாக இருந்ததெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து அம்பலத்தின் ஜன்னலைத் தட்டியது.

கூட்டத்துக்குள்ளிருந்து, திருவிழா பார்க்க வந்த ஜைனுதீனும் தலையை நீட்டினான். "நான் அன்னைக்கே சொன்னேன், பின்னுக்குப் போறப்ப கையை எடுக்கப்படாதுன்னு."

"யாருகிட்டடா சொன்னே?" என்றார் அம்பலம்.

ஜைனுதீன் சின்னப்பிள்ளையைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவனுக்கு மறுபடியும் எங்கேயோ டயர் பார்க்க வேண்டியிருந்தது.

குழந்தைசாமி தன் மாடுகளையே பூட்டிக்கொண்டு வந்தான். அம்பலத்தை முதலில் வெளியே இழுத்தார்கள்; சொர்ணம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றாள். காரின் முன்பக்கத்தில் வடத்தைக் கட்டி மாடுகள் இழுத்தன. குழியை விட்டு வண்டி வழுக்கி வழுக்கி ஏறித் தெருவுக்கு வந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஒரு பக்கமாக முட்டி நின்ற ஸ்டீரிங், வண்டி முன்னுக்கு உருள உருள, தன்னாலே மெல்லச் சுற்றி, நடுவுக்கு வந்து, அடக்கமாக நின்றது.

ஊரே பார்த்தது. வீரய்யாவின் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு ஏறின. "அய்யனாரே..."

"கையை இறக்குங்கண்ணே," என்றாள் சின்னப்பிள்ளை, பிய்ந்த வேலியை நிமிர்த்திக்கொண்டே. "கயித்துக்குப் பின்னால கன்னுக்குட்டி வருது, வேற ஒண்ணுமில்ல. அம்பலகாரவுகளே, இந்த வேலியை எப்ப கட்டித் தாறீக? நீங்கதானே ஓட்டுனது."